நாலு நாய்க்கு ஓர் ஆள்

வீட்டிலேயே சின்னதாக ஒரு நாய் போர்டிங் ஆரம்பிக்கலாம் என்று நினைப்பவர்கள் முதலில் அளந்து பார்ப்பது மொட்டைமாடியைத்தான். எத்தனை கூண்டு போடலாம், தகரக் கூரை போதுமா, மின்விசிறிக்கு எங்கே வயர் இழுப்பது என்று கணக்கு இடத்திலிருந்தே தொடங்குகிறது. இடம் எவ்வளவோ அவ்வளவு நாய், நாய் எவ்வளவோ அவ்வளவு வரும்படி. இந்தக் கணக்கு தலைகீழாகப் போடப்படுகிறது என்பது என் எண்ணம். இந்தத் தொழிலில் விலைக்குப் போவது ஒருவருடைய கவனம். சதுர அடி கூடினால் கவனம் கூடாது. ஆகவே எத்தனை நாய் என்பதை, இரவும் பகலும் அந்த வீட்டில் இருக்கப்போகிற ஆட்களின் எண்ணிக்கைதான் தீர்மானிக்க வேண்டும். ஓர் ஆளுக்கு நாலு நாய், சொந்த நாயையும் சேர்த்து. நடத்துபவர் தாமே இந்த வரம்பை வைத்துக்கொள்வது நல்லது. மாநகராட்சி அதை உரிமத்தில் எழுதியே கொடுப்பது இன்னும் நல்லது.

சின்ன போர்டிங்குக்குத் தேவை ஏன் வந்தது என்பதை விளக்க அதிகம் மெனக்கெட வேண்டியதில்லை. முன்பெல்லாம் ஊருக்குப் போகும்போது வீட்டில் பாட்டி இருந்தார், பக்கத்து வீட்டில் ஒரு பையன் இருந்தான். அடுக்குமாடி வீட்டில் இரண்டு பேரும் வேலைக்குப் போகிற குடும்பத்துக்கு அந்த வசதி இல்லை. ஊருக்கு வெளியே வரிசையாகக் கூண்டு வைத்த பெரிய கென்னலும் இருக்கிறது. அதை விட்டுவிட்டு ஒரு வீட்டைத் தேடி வருகிறவர் எதிர்பார்ப்பது, தன் நாயை ஒருவர் தனியாக அறிந்து வைத்திருப்பார் என்பதை. புது இடத்துக்கு வந்த நாய் முதல் நாள் சாப்பிடாது. சில நாய்கள் கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொள்ளும், சிறுநீரையே அடக்கி வைத்திருக்கும். இது ஏக்கமா, நோயின் தொடக்கமா என்பதை, நேற்று அது எவ்வளவு தின்றது, எப்படி நடந்தது என்று தெரிந்தவரால்தான் சொல்ல முடியும். மே மாத வெயிலில் பக் போன்ற சப்பை மூக்கு நாய் மூச்சிரைப்பதில் எது வழக்கம், எது ஆபத்து என்பதும் அப்படித்தான். பன்னிரண்டு நாய்களுக்கு நடுவே இதைக் கவனிப்பேன் என்று ஒருவர் சொன்னால் அவர் நல்லவராக இருக்கலாம். கணக்கு தெரிந்தவராக இருக்க முடியாது.

அந்தக் கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். வெவ்வேறு வீட்டு நாய்களைத் தொடக்கத்தில் ஒன்றாக நடத்திக் கூட்டிப் போக முடியாது. காலையும் மாலையும் இருபது நிமிடம் என்றால் ஒரு நாய்க்கு நாற்பது நிமிடம். இரண்டு வேளைச் சாப்பாடு, மற்ற நாய் தட்டில் வாய் வைக்காமல் பக்கத்தில் நின்று போட, அரை மணி நேரம். உடம்பைத் தடவி உண்ணி பார்த்து வார கால் மணி. கழுவித் துடைத்து, வீட்டுக்காரருக்குப் படம் அனுப்ப இன்னொரு கால் மணி. மொத்தம் 100 நிமிடம். நாலு நாய் என்றால் ஆறு மணி நேரம் நாற்பது நிமிடம்; அதுவே ஒரு முழு வேலைநாள். எட்டு என்றால் பதின்மூன்று மணி நேரத்தைத் தாண்டும், இரவில் எழுந்து பார்ப்பதைச் சேர்க்காமலே. இன்னொரு கணக்கும் இருக்கிறது. நாலு நாய்கள் இருக்கும் இடத்தில் ஒன்றோடொன்று உரசிக்கொள்ளக்கூடிய ஜோடிகள் ஆறு. எட்டு நாய் வந்தால் ஜோடிகள் 28. நாய் இரண்டு மடங்கானால் சண்டைக்கும் தொற்றுக்குமான வாய்ப்பு ஏறத்தாழ ஐந்து மடங்காகிறது.

தொற்று என்பதை இங்கே பயமுறுத்தச் சொல்லவில்லை. பார்வோ வைரஸ் மலத்தின் வழியாகப் பரவுவது. மண்ணிலும் தரையிலும் பல மாதங்கள் அழியாமல் கிடக்கும். வழக்கமாக வீடு துடைக்கும் திரவங்கள் பலவற்றுக்கு அது அசையாது, நீர் கலந்த பிளீச் வேண்டும். தொற்றிய பிறகு அறிகுறி தெரியப் பெரும்பாலும் மூன்று முதல் ஏழு நாள் ஆகும். அதாவது வெள்ளிக்கிழமை துள்ளிக்கொண்டு வந்து ஞாயிற்றுக்கிழமை துள்ளிக்கொண்டு போன குட்டி, புதன்கிழமை தன் வீட்டில் வாந்தியெடுக்கும். வாசலில் வைத்துப் பார்ப்பதால் இதைப் பிடிக்க முடியாது. தடுப்பூசி அட்டையைப் பார்ப்பது, பதினாறு வார வயதுவரை போட வேண்டிய ஊசிகளை முடிக்காத குட்டியைத் திருப்பி அனுப்புவது, ஒரு நாய் போனதற்கும் இன்னொன்று வருவதற்கும் இடையில் தரையை ஒழுங்காகக் கழுவ நேரம் விடுவது ஆகியவைதான் வழி. உண்ணியும் இப்படித்தான். நம் ஊரில் நாய்மேல் ஏறும் பழுப்பு உண்ணி, இரத்தம் குடித்து முடித்ததும் கீழே விழுந்து சுவர் விரிசலுக்குள் போய் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். ஒரு நாய் கொண்டுவந்த உண்ணி, அது போன பிறகும் வீட்டிலேயே குடியிருக்கும். அது பரப்பும் எர்லிக்கியா காய்ச்சல் ஒன்று முதல் மூன்று வாரம் கழித்துத் தலைகாட்டும்போது, எங்கே பிடித்தது என்று யாருக்கும் தெரியாது. போர்டிங் நிரம்பி வழியும்போது முதலில் விடுபடுவது இந்த இடைவெளியும் இந்தத் தடவிப் பார்த்தலும்தான்.

வீட்டு போர்டிங்கைப் பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது? 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் 2017-இல் வந்த விதிகள், குட்டி போட வைத்து விற்பவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. 2018-இல் வந்தவை செல்லப்பிராணிக் கடைகளுக்கு. மூன்று நாய்களை வீட்டின் கூடத்தில் வைத்துப் பார்த்துக்கொள்பவருக்கென்று பொருந்தும்படி அளந்து தைத்த விதி இல்லை. ஆனால் பொறுப்பு மட்டும் முழுதாக இருக்கிறது. 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்துக்கு நாயும் ஒப்படைக்கப்பட்ட ஒரு பொருள்தான், சலவைக்குப் போட்ட பட்டுப் புடவையைப் போல. சாதாரண அறிவுள்ள ஒருவர் தம் சொந்தப் பொருளுக்கு எவ்வளவு கவனம் எடுப்பாரோ அவ்வளவு எடுக்க வேண்டும் என்கிறது 151-ஆம் பிரிவு. அதற்கு முந்தைய பிரிவு இன்னும் சுவாரசியமானது: பொருளில் உள்ள குறை தெரிந்தும் மறைத்து ஒப்படைத்தால், அதனால் விளையும் கேட்டுக்கு ஒப்படைத்தவரே பொறுப்பு. ‘எங்க நாய் யாரையும் கடிக்காது’ என்று கூசாமல் சொல்லிவிட்டு விமானம் ஏறுகிறவர்கள் இதைப் படிக்கலாம். ஆனாலும் அந்த நாய் தெருவில் ஒருவரைக் கடித்தால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆம் பிரிவு விலங்கைத் தன் வசம் வைத்திருந்தவரின் கவனக்குறைவைத்தான் பார்க்கும். ஆறு மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சிப்பிப்பாறை நாய் ஒன்று சுவரைத் தாண்டிவிட்ட நொடியில் வசம் யாருடையது என்பதில் சந்தேகம் இல்லை.

நாலு நாயை வைத்துக்கொண்டு எப்படிப் பிழைப்பது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. நாளுக்கு 600 ரூபாய், சராசரியாகப் பாதி இடம் நிரம்புகிறது என்று வைத்துக்கொண்டால் மாதம் 36,000 ரூபாய் வரும். சாப்பாடு, மின்சாரம், கழுவும் செலவு போக மிஞ்சுவது குடும்பத்தின் இரண்டாவது வருமானமாக இருக்கலாம், முதல் வருமானமாக இருக்க முடியாது. இதை ஒளிக்காமல் ஒப்புக்கொள்வதே சரி. கடன் வாங்கி, வேலையை விட்டு இதில் இறங்குகிறவர்தான் தீபாவளி வாரத்தில் பதினைந்து நாய்களை ஏற்கிறார். கூட்டம் பொங்கல், கோடை விடுமுறை, தீபாவளி என்று மொத்தமாக வருகிறது; மற்ற நாட்களில் கூடம் காலி. அந்த வாரங்களில் எண்ணிக்கையை ஏற்றுவதற்குப் பதிலாகக் கட்டணத்தை ஏற்றலாம், முன்பே வந்து பழகிய நாய்களுக்கு மட்டும் இடம் தரலாம். அதிகக் கட்டணம் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பட்டாசுச் சத்தத்தில் கதவைப் பிறாண்டுகிற நாயோடு விடிய விடிய உட்கார்ந்திருப்பவருக்குக் கொடுக்கிற கூலி அது.

உரிமம் என்றதும் இன்னொரு ஆய்வாளர், இன்னொரு கையெழுத்து, இன்னொரு கவர் என்று அஞ்சுபவர்களின் அனுபவத்தை நான் மறுக்கவில்லை. கூண்டின் நீள அகலத்தைப் பற்றி இருபது பக்கம் விதி எழுதினால் அப்படித்தான் ஆகும். அது பெரிய கென்னல்காரருக்கே சாதகமாகவும் முடியும். எண்ணிக்கையைச் சரிபார்ப்பது அவ்வளவு சிக்கலானதல்ல. இங்கிலாந்தில் 2018 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, வீட்டில் நாய் போர்டிங் நடத்தவும் உள்ளாட்சி மன்றத்தின் உரிமம் வேண்டும். வைத்திருக்கும் விலங்குகளின் எண்ணிக்கை, இடவசதியையும் பணியாட்களையும் கருதி நியாயமான அளவைத் தாண்டக் கூடாது என்று அந்த விதிகளிலேயே இருக்கிறது. வெவ்வேறு வீட்டு நாய்களைச் சேர்த்து வைக்க உரிமையாளரின் எழுத்துபூர்வமான சம்மதம் தேவை. ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம் தருகிறார்கள். நன்றாக நடத்துபவருக்கு உரிமம் மூன்று ஆண்டு வரை நீளும், அடிக்கடி போய் நிற்க வேண்டியதில்லை. சென்னை மாநகராட்சி ஏற்கெனவே வளர்ப்பு நாய்களுக்கு இணையவழியில் உரிமம் வழங்குகிறது. அதே பதிவேட்டில் போர்டிங் வீடுகளையும் சேர்ப்பது பெரிய வேலை இல்லை.

பக்கத்து வீட்டுக்காரருக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. குடியிருப்போர் சங்கங்கள் வளர்ப்பு நாயைத் தடைசெய்ய முடியாது என்று விலங்குகள் நல வாரியம் 2015-இல் சுற்றறிக்கை விட்டது. சொந்த நாயை வளர்ப்பவருக்கான அந்தப் பாதுகாப்பை, கட்டணம் வாங்கிப் பிறர் நாய்களை வைப்பவர் தன் கேடயமாக நீட்டுவது சரியில்லை. சுவரைப் பகிர்ந்துகொள்பவரின் சம்மதத்தையும் விண்ணப்பத்தோடு கேட்கலாம். மற்றபடி அந்த விண்ணப்பம் ஒரே பக்கம் இருந்தால் போதும்: அதிகபட்சம் எத்தனை நாய், இரவில் வீட்டில் தங்குபவர் யார் யார், அவசரத்துக்கு எந்தக் கால்நடை மருத்துவர். இதே பக்கத்தை நாயைக் கொண்டு வருகிறவர் கண்ணில் படும்படி வாசலில் ஒட்டி வைக்கச் சொல்லலாம். உள்ளே எத்தனை நாய் குரைக்கிறது என்பதை அவரே எண்ணிப் பார்த்துக்கொள்வார்.