இரும்புத் துருவும் குடிநீரும்

செம்பு என்னும் சொல் நம் மொழியில் ஓர் உலோகத்துக்கும், அவ்வுலோகத்தாற் செய்து நீர் முகந்து பருகும் சிறு கலத்துக்கும் பெயராய் வழங்குதலை யாவரும் அறிவர். பொருளின் பெயர் கலத்துக்கு ஆகிவந்த இவ்வழக்கு ஒன்றே, நம் முன்னோர் குடிநீரையும் செம்பையும் பிரியாது வைத்துப் பழகினர் என்பதற்குச் சான்றாகும். கலங்கிய நீரைத் தேற்றாங்கொட்டையால் தெளிவித்தலும் பழைய வழக்கே. கலித்தொகையில் அஃது உவமையாகவும் வந்துள்ளது. இவற்றையெல்லாம் எடுத்துக்காட்டி, இற்றை நாளில் மேலைநாட்டார் கண்டறிந்த அனைத்தையும் நம் பாட்டிமார் அன்றே அறிந்திருந்தனர் என மார்தட்டுவார் நம்முட் பலர். பெருமைக்கு இடமுண்டு, ஆயினும் அப்பெருமைக்கு ஓர் எல்லையும் உண்டு. அவ்வெல்லையை அறியாதவிடத்து உயிருக்கே கேடு விளையும் என்பதே ஈண்டு யான் கூறப் புகுவது.

செப்புக்குடத்தில் 16 மணிநேரம் வைத்த நீரில் வயிற்றுப்போக்கை விளைக்கும் கிருமிகள் மடிந்தொழிதலைப் பெங்களூர் ஆராய்ச்சியாளர் சிலர் 2012-ஆம் ஆண்டில் சோதித்து வெளியிட்டனர். மிகச் சிறிதளவே நீரிற் கரைந்த செம்பும் வெள்ளியும் நுண்ணுயிரைக் கொல்லும் என்பதனை நேகேலி என்னும் அறிஞர் ஆராய்ந்து எழுதிய நூல் 1893-இல் வெளிவந்தது. சுட்ட களிமண் வடிகட்டிகளில் வெள்ளியைச் சேர்ப்பது இக்கருத்துப் பற்றியே. செம்பும் துத்தநாகமும் கலந்த மணிகளை அடைத்த வடிகட்டிகளும் உள. துத்தநாகம் தன் எலெக்ட்ரானை இழக்க, குழாய்நீரிலுள்ள குளோரின் அதனைப் பெற்றுத் தீங்கற்ற குளோரைடாய் மாறுகின்றது. இவையெல்லாம் நன்றே. ஆனால் செப்புக்குடத்தில் ஓரிரவன்று, ஒரு மாதம் வைத்தாலும், நீரிற் கரைந்திருக்கும் ஆர்சனிக் என்னும் பாஷாணம் நீங்காது. காய்ச்சினாலும் நீங்காது, நீர் ஆவியாய்ப் போகப்போக எஞ்சிய நீரில் நஞ்சு செறியுமேயன்றிக் குறையாது.

இந்நஞ்சினால் வங்காள நாட்டுக்கு நேர்ந்ததை நினைவு கூர்தல் வேண்டும். குளத்துநீரைப் பருகிக் குழந்தைகள் வாந்திபேதியால் மாள்வதைக் கண்ட நல்லோர், 1970-களில் பங்களாதேசத்துச் சிற்றூர்தோறும் குழாய்க்கிணறுகள் தோண்டுவித்தனர். ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியமும் அப்பணியில் முன்னின்றது. நீர் தெளிந்திருந்தது, கிருமியும் குறைந்தது, ஊரார் வாழ்த்தினர். ஆனால் அந்நீரில் ஆர்சனிக் உளதோ என்று அன்று சோதித்தாரில்லை. அண்டை நாடாகிய நம் மேற்கு வங்காளத்தில் தோலில் புள்ளிகளும், உள்ளங்கை உள்ளங்கால்களில் தடிப்பும் கொண்ட நோயாளரை மருத்துவர் 1983-இலேயே கண்டனர். பங்களாதேசக் கிணறுகளில் ஆர்சனிக் இருத்தல் 1993-இல் உறுதியாயிற்று. ஆண்டுகள் பல சென்றபின் புற்றுநோயும் தொடரும் என்பர். உலக சுகாதார நிறுவனம் வகுத்த அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். பங்களாதேசம் வகுத்துக்கொண்டதோ 50. தீய எண்ணத்தால் விளைந்த கேடு அன்று இது. சோதியாது செய்த நன்மையால் விளைந்த கேடு.

அந்நாட்டில் குஷ்டியா என்னும் ஊரிற் பிறந்து, அமெரிக்க நாட்டு ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் வேதியியற் பேராசிரியராய் விளங்கிய அபுல் உசாம் இதற்கு ஒரு வழி கண்டார். முதலில் ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கிய மூன்று குடங்கள்: மேற்குடத்தில் இரும்புத் துருவலும் பருமணலும், நடுக்குடத்தில் கரியும் நுண்மணலும், அடிக்குடத்தில் பருகும் நீர். கொல்லன் பட்டறையிற் கழித்தெறியும் பொருளன்றோ இரும்புத் துருவல்! நீரும் காற்றும் பட்ட இரும்பு எலெக்ட்ரானை இழந்து கரைந்து, மீண்டும் உயிர்வளியோடு கூடித் துருவாகின்றது. அவ்வாறாகும்போது தோன்றும் வீரியமிக்க உயிர்வளிக் கூறுகள், மின்னேற்றமின்றி எதிலும் பற்றாது நழுவும் ஆர்சனிக் வகையை மின்னேற்றமுள்ள வேறொரு வகையாய் மாற்றுகின்றன. மாறிய நஞ்சினைத் துருவின் மேற்பரப்பு இறுகப் பிணித்துக்கொள்கின்றது. ஆகலின், இது சல்லடையின் தொழில் அன்று. சல்லடைக்கு அகப்படும் பருமனுடையதன்று இந்நஞ்சு. இரும்பு தான் கெடுதலாலேயே நீர் தூய்மையுறுகின்றது.

இதில் ஓர் இடர்ப்பாடும் உண்டு. துருவல் நாளடைவில் இறுகிக் கட்டியாகி நீரை விடாது அடைத்துக்கொள்ளும். 1880-களில் பெல்ஜியம் நாட்டு ஆண்ட்வெர்ப் நகரத்து நீர்ச்சாலையிலும் பிஷாஃப் என்பார் அமைத்த நுண்டுளை இரும்புப் படுகைக்கு இதே கதி நேர்ந்து, அதனைக் கைவிட்டு வேறு முறை கொண்டனர். நூறாண்டு கழித்து வங்காளத்துக் குடத்திலும் அவ்விரும்பு தன் குணத்தை மாற்றிக்கொள்ளவில்லை. உசாம் துருவலைப் பதப்படுத்திக் கட்டியாகாத ஒரு கலப்பினை ஆக்கிப் புதிய வடிகட்டியை அமைத்தார். அக்காலத்து அதன் விலை 40 டாலரளவே. அமெரிக்கப் பொறியியற் கழகம் 2007-இல் அதற்குப் பத்து லட்சம் டாலர் பரிசளித்தது. அதிற் பெரும்பகுதியை அவர் வடிகட்டிகளை ஏழைகளுக்கு வழங்கவே ஒதுக்கினார்.

இவ்வளவும் போற்றத்தக்கதே. யான் மாறுபடுவது ஒன்றிலேதான். வடிகட்டியை வீடுதோறும் கொடுத்துவிட்டால் கடமை முடிந்தது எனக் கருதுவார் பலர். துருவின் மேற்பரப்பில் இடம் அளவுடையது; நிரம்பிய பின் அது நஞ்சைப் பற்றாது. நீரில் பாஸ்பேட்டும் சிலிக்காவும் மிகுந்திருப்பின் அவை ஆர்சனிக்குக்கு உரிய இடத்தைத் தாம் கவர்ந்துகொள்ளும். ஓரூரில் ஐந்தாண்டு உழைக்கும் படுகை மற்றோரூரில் விரைவில் ஓய்ந்துபோதல் அதனால்தான். அடைத்துக்கொண்ட வடிகட்டி தன் குறையைத் தானே சொல்லும். ஓய்ந்த வடிகட்டியோ சொல்லாது. நீர் முன்போலவே பளிங்காய் ஒழுகும். நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. தாய் தன் கையாலேயே குழந்தைக்கு ஊட்டுவாள். குழாய்க்கிணறு தோண்டிய காலத்து நிகழ்ந்த பிழை மீளவும் நிகழ்தற்கு இதனினும் எளிய வழி வேறில்லை.

ஆகவே நூறு வடிகட்டிக்குப் பொருள் இருப்பின், எண்பது வாங்கி, எஞ்சிய பொருளை ஆண்டுதோறும் நீரைச் சோதிப்பதற்கு வைத்தல் வேண்டும் என்பேன். இருபது வீட்டாரைக் கைவிடுவதோ எனச் சினப்பாரும் உளர். சினத்தில் நியாயம் இல்லாமலில்லை. எனினும் சோதிக்கப்படாத நூறு வடிகட்டிகளுள் எத்தனை ஓய்ந்தன என்பதை எவரும் அறியாராகலின், கைவிடப்பட்டோர் இருபதின்மரோ தொண்ணூற்றின்மரோ என்பதும் அறியப்படாது. இனி, ஆழ்கிணறும் குழாய்நீரும் தருதல் அரசின் கடன். வடிகட்டி அக்கடனைத் தட்டிக்கழிக்க ஒரு சாக்கு என்பார் உளர். நம் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளில் நிலத்தடி நீரின் புளூரைடுக்கு மாற்றாகக் காவிரிநீர் கொணரும் ஒகேனக்கல் திட்டம் 2013-இல் தொடங்கியதை நோக்க, அவர் கூற்று மறுக்கற்பாலதன்று. ஆயின் குழாய் வருமளவும் குழந்தை நீர் பருகாதிருக்குமோ?

சோதனை என்றவுடன் பெரிய ஆய்வுக்கூடம் வேண்டும் என அஞ்சற்க. நீரில் மருந்திட்டு, எழும் ஆவியை ஒரு காகிதத் துண்டிற் படச்செய்து, மஞ்சள் முதல் பழுப்பு வரை ஏறும் நிறத்தை அட்டையோடு ஒத்துப் பார்க்கும் சிறு பெட்டிகள் உள. அத்தகைய பெட்டிகளைக் கொண்டே பங்களாதேசத்தில் ஏறத்தாழ 50 லட்சம் கிணறுகளைச் சோதித்து, தீயவற்றுக்குச் சிவப்பும் நல்லவற்றுக்குப் பச்சையும் பூசினர். வண்ணம் மழையில் அழிந்தது. புதிய கிணறுகள் சோதிக்கப்படாமலே பெருகின. செய்யக்கூடாத காரியம் அன்று. ஒருமுறை செய்து விட்டுவிட்ட காரியம்.

சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர் பிரதீப் குழுவினர், இரால் ஓட்டிலிருந்து கிடைக்கும் கைட்டோசானோடு இரும்புச் சேர்மத்தை நுண்ணிய அளவிற் பிணைத்து, ஆர்சனிக்கை நீக்கும் பொருளொன்றை ஆக்கி ‘அம்ரித்’ எனப் பெயரிட்டுள்ளனர். நம் நாட்டு ஆர்சனிக் பகுதிகளில் அது வழங்குகின்றது. வேதியியல் பயிலும் நம் தோழர்கள் விடுமுறையில் அவ்வூர்களுக்குச் செல்ல நேரின், வடிகட்டி எத்தனை வீடுகளில் உளது எனக் கேளாது, கடைசியாகச் சோதித்த நாள் எதுவென்று கேட்டு எழுதிக்கொண்டு வருவார்களாக. அடுத்த ஆண்டு மலரில் அதனை வெளியிட ஆசிரியர் இடந்தருவார் என நம்புகின்றேன்.