காற்றாலைக்கு அப்பால்

ஆசிரியருக்கு,

கிராம மின் விநியோகத்தில் மக்களுக்கும் பங்கு வேண்டும் என்ற பேச்சு வந்தாலே எல்லோரும் ஓடந்துறையைக் காட்டுகிறோம். மேட்டுப்பாளையம் பக்கத்து ஊராட்சி அது. சேமிப்பும் வங்கிக் கடனுமாகச் சுமார் 1.55 கோடி ரூபாய் திரட்டி, 2006-இல் 350 கிலோவாட் காற்றாலை வாங்கியது. நட்டது ஊரில் அல்ல, காற்று வாகான உடுமலைப்பேட்டை அருகே மைவாடியில். ஊர்த் தேவைக்குப் போக மிஞ்சியதை மின்வாரியத்துக்கு விற்றுக் காசும் பார்த்தது. அருமையான வேலைதான். ஆனால் கம்பியும் டிரான்ஸ்பார்மரும் அங்கும் வாரியத்துடையவை.

எங்கள் சிக்கல் அந்தக் கம்பியில்தான். போன கோடையில் காட்டு டிரான்ஸ்பார்மர் புகைந்துபோனது. டிராக்டர் வாடகைக்கு மோட்டாருக்கு இவ்வளவு என்று வசூலித்தோம். வேறொன்று வந்து சேர ஒன்பது நாள். தக்காளிச் செடிகள் தலை சாய்ந்துவிட்டன. எங்கள் பங்கேற்பெல்லாம் இந்த வசூலோடு சரி.

புகைந்த காரணம் ஊருக்கே தெரியும். ஐந்து குதிரைத்திறனுக்கு அனுமதி வாங்கிவிட்டு ஏழரை மோட்டார் ஓட்டுபவர்கள் நாலைந்து பேர். (என் மச்சானும் உண்டு.) லைன்மேன் கேட்டால் சண்டை; ஊர் கூடிக் கேட்டால் மோட்டார் மாறும். வாய்க்கால் தண்ணீருக்கு முறை வைத்தவர்கள்தானே நாம்?

ஆண்டுக்கு ஆறு கிராம சபை கூடுகிறது. ஒவ்வொரு டிரான்ஸ்பார்மரின் கொள்ளளவையும், அதிலுள்ள இணைப்புகளையும், அனுமதித்த குதிரைத்திறனையும் ஒரு தாளில் எழுதி அங்கே வாசிக்கச் சொல்லுங்கள். மச்சானிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

ஒரு விவசாயி,
ஈரோடு மாவட்டம்