அவசரத்துக்கு முன்னரே எழுத வேண்டிய தாள்

செல்லப் பிராணி வளர்ப்போர், அவசர வேளைக்கென வீட்டில் எந்தெந்த மருந்துகளை வாங்கி வைக்கலாம் என்று எங்களிடம் அடிக்கடி கேட்கின்றனர். மருந்தைவிட ஒரு தாளும் பேனாவுமே மிகுதியாகப் பயன்படும் என்பது எங்கள் கருத்து. நாயும் பூனையும் வாயில்லாச் சீவன்கள். அவை நோயுற்று வரும்போது எங்களுக்குக் கிடைக்கும் முதல் சான்று, உடன் வருவோர் கூறும் செய்தியே ஆகும்.

எலிமருந்து தின்ற நாயை எடுத்துக்கொள்வோம். அது இரத்தம் உறைவதைத் தடுக்கும் நஞ்சாயின், நாய் சில நாள்கள் நலமாகவே தோன்றும். பின்னரே உள்ளுக்குள் இரத்தம் கசியத் தொடங்கும். அதற்கு வைட்டமின் கே1 மாற்று மருந்தாக உண்டு. துத்தநாகப் பாஸ்பைடாயின் தனியான மாற்று மருந்து இல்லை. சில மணி நேரத்திலேயே நிலைமை முற்றிவிடக்கூடும். இரண்டையும் எலிமருந்து என்றே எல்லோரும் அழைக்கின்றனர். குப்பையிலிருந்து நீங்கள் எடுத்து வரும் கிழிந்த உறையே எது என்பதை எங்களுக்குக் காட்டும். வாந்தி எடுக்கட்டும் என்று உப்பு நீரைப் புகட்டுவது கூடாது. மிகுந்த உப்பும் உயிருக்குக் கேடு செய்யும்.

பழிக்கு அஞ்சி உண்மையை மறைப்போரும் உண்டு. காய்ச்சல் என்று எண்ணிப் பூனைக்குப் பாராசிட்டமால் கொடுத்திருப்பர். கேட்டால் ஒன்றும் கொடுக்கவில்லை என்பர். ஒரு மாத்திரையே பூனையின் உயிரைப் பறிக்கக்கூடும். கொடுத்ததை உடனே சொன்னால் அசிட்டைல்சிஸ்டின் என்னும் மாற்று மருந்தைத் தாமதமின்றித் தொடங்க இயலும். யார் கொடுத்தார் என்று நாங்கள் ஆராய்வதில்லை. எது, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்பவையே எங்களுக்கு வேண்டியவை.

பிராணியின் வயது, எடை, போட்ட தடுப்பூசிகள், இருக்கும் நோய்கள், அன்றாட மருந்துகள், ஒவ்வாமை, வழக்கமான மருத்துவரின் எண், இரவில் திறந்திருக்கும் மருத்துவமனையின் எண் ஆகியவற்றை அத்தாளில் எழுதி, குளிர்பதனப் பெட்டியின் மீது ஒட்டி வையுங்கள். அவசரம் நேரும் அன்று, அறிகுறி தொடங்கிய நேரத்தை மட்டும் அதில் சேர்த்தால் போதும். வலிப்பு வந்தால் வாய்க்குள் கையை விடாமல், கைப்பேசியில் படம் பிடியுங்கள். ஆண் பூனை பலமுறை முக்கியும் சிறுநீர் வரவில்லையெனில், அதை மலச்சிக்கல் என்று கருதிக் காத்திராமல் உடனே புறப்படுங்கள்.

பாம்பு கடித்திருந்தால் கட்டுப் போடவோ, கடிவாயைக் கீறவோ வேண்டா. பாம்பைத் தேடிப் பிடித்து வரவும் தேவையில்லை. நம் நாட்டில் கிடைக்கும் நஞ்சுமுறி மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்குக்கும் பொதுவானது. வலியிலிருக்கும் நாய் வளர்த்தவரையே கடிக்கும். ஆகவே துணியால் வாயைக் கட்டுங்கள். வாந்தி எடுக்கும் நாய்க்கும் மூச்சுத் திணறும் நாய்க்கும் கட்டுதல் ஆகாது. பூனையைத் துண்டில் சுற்றி, மூடிய கூடையில் கொண்டு வாருங்கள். மயக்க மருந்து தேவைப்படலாம் என்பதால் வழியில் உணவு கொடுக்காதீர்கள்.

தாளின் கடைசி வரி எழுதுவதற்குக் கடினமானது. எவ்வளவு செலவு செய்ய இயலும், அறுவைக்கு ஒப்புதல் தருபவர் யார், காப்பாற்ற இயலாத நிலையில் குடும்பத்தின் விருப்பம் என்ன என்பன அவ்வரிக்கு உரியவை. நள்ளிரவில் அழுகைக்கிடையே இவற்றைத் தீர்மானிப்பதைவிட, அமைதியான ஒரு மாலையில் வீட்டார் கூடிப் பேசுவதே நன்று. அவ்வாறு பேசுதல் அபசகுனம் ஆகாது. அதுவும் அன்பின் கடமையே. உங்களுக்குப் பின் வந்த பிராணியை நாங்கள் முன்னர் அழைக்கவும் நேரலாம். மூச்சு நிற்கும் நிலையிலுள்ளதற்கே முதலிடம். அக்காத்திருப்பில், கையிலுள்ள தாளை மருத்துவ உதவியாளரிடம் கொடுத்துவிடுங்கள். சிகிச்சைக்கான ஆயத்தம் அதிலிருந்தே தொடங்கிவிடும்.