கோயிலுக்கு என்று சொன்னால்தான் விடுவீர்களா?

எங்கள் கொழுந்தனார் மகன் கோவையில் கல்லூரியில் படிக்கிறான். சென்ற வருடம் ஆயுத பூஜை விடுமுறையில் நண்பர்கள் ஆறு பேரோடு இமாசலப் பிரதேசத்தில் பீர் என்ற ஊருக்குப் போய் வந்தான். வந்ததும் வராததுமாக, "பெரியம்மா, நான் வானத்துல பறந்துட்டு வந்தேன், பாருங்க" என்று செல்போனைக் கையில் கொடுத்தான்.

பில்லிங் என்ற மலைமேல், சுமார் 2,400 மீட்டர் உயரத்திலிருந்து ஓடிப் பாய்ந்து, கீழே பீர் கிராமத்தில் வந்து இறங்குகிறார்கள். மழைக்காலத்தில் ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் நடு வரை அங்கே பறக்கத் தடை. அதற்கப்புறம் வானம் வெளுத்து, அக்டோபர், நவம்பரில்தான் கூட்டமாம். 2015 அக்டோபரில் உலகக் கோப்பைப் போட்டியே அங்கே நடந்திருக்கிறது. கம்பிச் சட்டத்தில் முக்கோணமாகத் துணி கட்டி, அதன் அடியில் வௌவால் மாதிரி தொங்கிக்கொண்டு போனால் ஹேங் கிளைடிங். சட்டம் இல்லாமல் துணி மட்டும் குடைபோல விரிந்தால் பாராகிளைடிங் என்று விளக்கம் வேறு சொன்னான். இவன் போனது இரண்டாவது. பின்னால் பைலட் ஒருவர் உட்கார்ந்திருந்தாராம். அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது!

இன்னொன்றும் சொன்னான். இந்தத் துணி இறக்கைக்கு மூலம், 1948-ல் அமெரிக்காவில் பிரான்சிஸ் ரோகாலோ என்ற விமான இன்ஜினீயர் செய்தது. தைத்துக் கொடுத்தது யார் என்கிறீர்கள்? அவர் மனைவி கெர்ட்ரூட். துணி, வீட்டுச் சமையலறையில் தொங்கிய திரைச்சீலை! 1951-ல் கிடைத்த காப்புரிமையில் அந்த அம்மாவின் பெயரும் இருக்கிறதாம். பவர் டேபிள் சத்தத்திலேயே பிறந்து வளர்ந்த எங்களூர்ப் பெண்களுக்கு இதைக் கேட்கக் கொஞ்சம் பெருமையாக இருக்கத்தானே செய்யும்?

ஆனால் எனக்கென்னவோ பறக்கும் ஆசை வரவில்லை. சிறுமியாக இருந்தபோது ஆடி நோம்பிக்குப் புளியமரத்தில் தூரி கட்டி, கிளையைக் காலால் தொடும்வரை உந்தியவள்தான் நான். இரண்டு பிரசவத்துக்கு அப்புறம் பார்க்கில் ஊஞ்சல் ஆடினாலே தலை சுற்றுகிறது. என்னை ஏங்க வைத்தது கடைசிப் படம். குளிருக்குப் போர்வையைச் சுற்றிக்கொண்டு ஏழு பேரும் தரையில் உட்கார்ந்து, ஒரே பாத்திரத்தில் அவர்களே சமைத்ததைப் பங்கு போட்டுச் சாப்பிடுகிறார்கள். ஒருத்தன் தட்டில் இன்னொருத்தன் கை!

நான் கடைசியாக என் சிநேகிதிகளோடு அப்படிச் சாப்பிட்டது பத்தாம் வகுப்பில். டிபன் பாக்ஸ் மூடியில்.

எங்கள் செட் ஆறு பேர். கல்யாணமாகி எல்லாரும் திருப்பூரைச் சுற்றித்தான் இருக்கிறோம். ஒருத்தி பனியன் கம்பெனியில் செக்கிங், ஒருத்தி வீட்டிலேயே பிசிறு வெட்டுகிறாள், மற்றவர்கள் வீடு, குழந்தைகள். ஊரே ஓய்வது தீபாவளிக்கு அடுத்த வாரம்தான். கம்பெனிகள் பூட்டியிருக்கும், ரோட்டில் சத்தமே இருக்காது. அந்த வாரத்தில் ஒரு நாள் எல்லாரும் திருமூர்த்தி மலைக்குப் போகலாமா என்று போன் செய்தேன்.

வீட்டில் அத்தையிடம் கேட்டேன்.

"எதுக்கு அம்மணி?"

"சும்மா, சிநேகிதிங்களோட ஒரு நாளுங்க அத்தை."

"சும்மா எதுக்குப் போகோணும்?"

மறுநாள் வேறு மாதிரிக் கேட்டேன். "அமணலிங்கேஸ்வரர் கோயிலுக்குப் போயிட்டு வரட்டுங்களா அத்தை?"

"அப்பிடிச் சொல்லு. போயிட்டு வா. எம்பேருக்கும் ஒரு விளக்குப் போட்டுட்டு வா."

அன்று பஸ்ஸில் ஏறிய பிறகு விசாரித்தால், ஐந்து பேரும் வீட்டில் இதையே சொல்லிவிட்டுத்தான் வந்திருக்கிறோம்! ஆறாவது தோழியும் கோயில் என்றுதான் சொல்லியிருக்கிறாள். "கோயிலுக்குக் குடும்பத்தோட போகலாம்" என்று அவள் வீட்டுக்காரர் சொல்லிவிட்டாராம். வரவில்லை.

என் கணவர் நல்லவர். குறை சொல்லவில்லை. வருடா வருடம் நண்பர்களோடு வேன் பிடித்துக் குற்றாலம் போகிறார். "எதுக்கு?" என்று இதுவரை யாரும் கேட்டதில்லை, நான் உட்பட. துண்டும் எண்ணெயும் எடுத்து வைத்துத்தான் அனுப்பியிருக்கிறேன். நாங்கள் ஒரு நாள் போவதற்கு மட்டும் சாமியைச் சாட்சிக்கு இழுக்க வேண்டியிருக்கிறதே, ஏன்?

மழையால் அருவிக்கு விடவில்லை. சாமி கும்பிட்டுவிட்டு (அத்தைக்கு விளக்கும் போட்டாயிற்று) மரத்தடியில் கட்டுச்சோற்றைப் பிரித்தோம். புளிசாதம், அரிசிம்பருப்பு சாதம், சந்தகை, ஒருத்தி கொண்டு வந்த ஒப்புட்டு. செக்கிங் வேலை பார்ப்பவள், "கம்பெனில நின்னமேனிக்கே அள்ளிப் போட்டுட்டு ஓடறது. இப்பிடி உக்காந்து தின்னு எத்தனை நாளாச்சு" என்றாள்.

பிசிறு வெட்டுகிறவள் மட்டும் சாப்பிடாமல் புளிசாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எங்கம்மா கைப்பக்குவம் மாதிரியே இருக்குது" என்றவள் ஓவென்று அழுதுவிட்டாள். வைகாசியில் அவள் அம்மா இறந்துவிட்டாராம். எங்களுக்கெல்லாம் பள்ளிக்கூடத்தில் முறுக்கு கொடுத்து அனுப்பிய அம்மா! எங்களில் ஒருத்திக்கும் தெரியாது.

"இப்போதுதான் வாட்ஸ்அப் இருக்கிறதே, நேரில் எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. எங்களுக்கும் குரூப் இருந்தது. அந்த ஐந்து மாதமும் அதில் தினமும் ரோஜாப்பூ படம் போட்டு 'குட்மார்னிங்' சொல்லிக்கொண்டுதான் இருந்தோம். அவளும் பதிலுக்கு ஒரு பூ போட்டிருக்கிறாள். "ஏண்டி சொல்லல?" என்றால், "அதுல எப்பிடிச் சொல்றது?" என்கிறாள்.

வீட்டு வேலையை யார் பார்ப்பது என்ற கேள்வியும் வரும். அன்று எங்கள் வீட்டில் அவர் உப்புமா கிண்டியிருக்கிறார். உப்பு கொஞ்சம் தூக்கல். குழந்தைகள் சாப்பிட்டுவிட்டுத் தூங்கியிருந்தார்கள். இருட்டுவதற்குள் திரும்பிவிட வேண்டும் என்ற பயம் நியாயம்தான்; நாங்களும் ஆறு மணிக்கெல்லாம் வீடு வந்துவிட்டோம். மாதம் ஒரு முறை கேட்கவில்லையே. வருடத்தில் ஒரு நாள், அதுவும் கம்பெனி ஓடாத வாரத்தில். கணவன்மார்களும் மாமியார்களும் கொஞ்சம் யோசிக்கக் கூடாதா? சகோதரிகளே, நாமும்தான் முதல் கேள்விக்கே பயந்து கோயில் பின்னால் ஒளிந்துகொள்கிறோம்.

இந்த வருடம் நான் ஒளியவில்லை. "சிநேகிதிங்களோட சும்மா போறோமுங்க அத்தை" என்று இப்போதே சொல்லிவிட்டேன். வெற்றிலையை மென்றபடி, "பாக்கலாம்" என்றிருக்கிறார். போன முறை வர முடியாத தோழியின் வீட்டுக்கு, வருகிற ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ஐந்து பேரும் நேரில் போய், அவள் வீட்டுக்காரரிடமே கேட்பதாக இருக்கிறோம்.

- ஒரு வாசகி, திருப்பூர்.