கல்லூரியைப் பார்க்க அரசுப் பேருந்தில் அனுப்புங்கள்

பிளஸ் டூ முடிவுகள் மே மாதத் தொடக்கத்தில் வந்துவிடுகின்றன. பொறியியல் கலந்தாய்வு தொடங்க ஜூலை ஆகிவிடுகிறது. இடையில் கிடைக்கும் இரண்டு மாதங்களைப் பெரும்பாலான வீடுகள் கட் ஆஃப் கணக்கிலேயே கரைக்கின்றன. போன ஆண்டு எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவு எத்தனையில் முடிந்தது என்று வரிவரியாக அலசுகிறோம், யூடியூபில் ஆலோசனை கேட்கிறோம். பிறகு பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்து 2005, 2006, 2007 என்று குறியீட்டு எண்களை வரிசைப்படுத்துகிறோம். அந்த மூன்று எண்களும் கோவையின் ஜிசிடி, பிஎஸ்ஜி டெக், சிஐடி. அங்கே நான்கு ஆண்டு படிக்கப்போகிற பிள்ளை அவற்றின் வாசலைக்கூடப் பார்த்திருக்காது.

2018க்கு முன்பு கலந்தாய்வுக்கு நேரில் போக வேண்டியிருந்தது. அழைப்புக் கடிதத்தைக் காட்டினால் மாணவருக்கும் உடன் வரும் ஒருவருக்கும் அரசுப் பேருந்தில் பாதிக் கட்டணம். இணையவழிக்கு மாறியதில் அலைச்சலும் செலவும் மிச்சமாயின, நல்லதுதான். ஆனால், சென்னைக்கு வந்து ஒரு திரையைப் பார்த்து இடம் எடுப்பதற்குத் தந்த அந்தச் சலுகையை, கல்லூரிகளை நேரில் பார்த்து வருவதற்குத் தந்திருந்தால் அது இன்னும் பயன்பட்டிருக்கும். இப்போதாவது தரலாம். அந்தப் பயணத்தை மாணவரே திட்டமிட்டு, தனியாகவோ ஒரு நண்பரோடோ, அரசுப் பேருந்திலும் ரயிலிலும் போய்வர வேண்டும் என்று பெற்றோரிடம் வலியுறுத்தவே இந்தக் கட்டுரை.

காரில் அழைத்துப் போய் ஒரே நாளில் நான்கு கல்லூரிகளைக் காட்டிவிடும் பெற்றோர் இருக்கிறார்கள். அக்கறைதான், சந்தேகமில்லை. ஆனால் கார் நேராக உள்ளே போய் நிற்கும். வரவேற்பறை, ஓர் ஆய்வகம், விடுதியில் ஓர் அறை என்று காட்டி அனுப்பிவிடுவார்கள். பஸ் ஸ்டாப்பிலிருந்து கேட் வரை எவ்வளவு நடக்க வேண்டும், அந்தச் சாலையில் இரவில் விளக்கு எரியுமா, காலை எட்டேகாலுக்கு அந்த வழித்தடத்தில் உள்ளே நிற்க இடம் கிடைக்குமா, லேப் முடிந்து ஆறு மணிக்கு வெளியே வந்தால் அடுத்த பஸ் எப்போது, எதுவும் தெரியாமலேயே பிள்ளை வீடு திரும்பும். விளம்பரப் புத்தகத்தில் ‘பேருந்து நிலையத்திலிருந்து 20 நிமிடம்’ என்று போட்டிருப்பார்கள். டவுன் பஸ்ஸில், ஓரிடத்தில் மாறிப் போனால் அது ஒன்றே கால் மணி நேரமாகலாம். அதைத் தவிர்க்கக் கல்லூரிப் பேருந்தில் போனால், படிப்புக் கட்டணத்துக்கு மேல் ஆண்டுதோறும் இன்னொரு பெரிய தொகை. பஸ் ஸ்டாப்பில் காத்திருக்கும் இரண்டாமாண்டு மாணவரிடம் பத்து நிமிடம் பேசினால், எந்தத் துறையில் ஆசிரியர்கள் நிலைக்கிறார்கள், விடுதியில் தண்ணீர் எப்படி, வேலைவாய்ப்பு எண்ணிக்கையில் எவ்வளவு நிஜம் என்பதெல்லாம் வந்துவிழும். அந்த மாணவர் வரவேற்பறையில் கிடைக்க மாட்டார்.

திண்டுக்கல் மாணவி ஒருவர் மேலே சொன்ன மூன்று கோவைக் கல்லூரிகளையும் பார்க்க விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். தாராபுரம், பல்லடம் வழியாக வரும் பேருந்து சிங்காநல்லூரில் நிற்கும். பழனி, பொள்ளாச்சி வழியாக வந்தால் உக்கடம். எதில் ஏறுகிறோம் என்பதிலேயே அன்றைய நாளின் பாதி முடிவாகிவிடுகிறது. வழியில் சுமார் நான்கு மணி நேரம். ஐந்து மணிக்குக் கிளம்பினால் ஒன்பது மணிக்குச் சிங்காநல்லூர். சிஐடியும் பிஎஸ்ஜியும் அங்கிருந்து பக்கம், அவிநாசி சாலையில் பீளமேட்டை ஒட்டியவை. ஜிசிடி நகரின் மறுபக்கம், தடாகம் சாலையில். பக்கத்தில் இருப்பதை முதலில் பார்க்கத்தான் கை நீளும். அப்படிச் செய்தால் மாலை நெரிசலில் தடாகம் சாலையிலிருந்து காந்திபுரம் வந்து, அங்கிருந்து நகரைக் குறுக்கே கடந்து சிங்காநல்லூர் போய்ச் சேர வேண்டும். காலையிலேயே காந்திபுரம் போய் ஜிசிடியை முடித்துவிட்டு, ஊர் திரும்பும் பேருந்து நிலையத்தை நோக்கிப் பார்த்துக்கொண்டே வந்தால், கடைசிக் கல்லூரியிலிருந்து சிங்காநல்லூர் ஒரு சிறு தூரம்தான். ஐந்து மணிக்குப் பஸ் ஏறிவிடலாம். இரண்டு கல்லூரிக்குத்தான் நேரம் இருக்கிறது என்று தெரிந்தால் எதை விடுவது என்று முடிவெடுக்க வேண்டும். எது தனக்கு உண்மையிலேயே வேண்டும் என்ற கேள்வியை அந்த மாணவி அப்போதுதான் முதன்முறையாக நேரில் சந்திப்பார்.

சென்னையிலும் இதே கதைதான். தெற்கிலிருந்து ரயிலில் வரும் மாணவர் எழும்பூர் வரை போக வேண்டியதில்லை. தாம்பரத்தில் இறங்கி மின்சார ரயில் பிடித்தால் இரண்டாவது நிலையம் குரோம்பேட்டை, எதிரே எம்ஐடி. சித்தப்பாவும் மாமாவும் சொல்லும் வழிகளை அப்படியே நம்பிவிடவும் கூடாது. தென்மாவட்டப் பேருந்துகளுக்குக் கோயம்பேடு என்பது பழங்கதை. 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் திறக்கப்பட்டுவிட்டது. திருச்சியில் 2025இல் பஞ்சப்பூர் வந்துவிட்டது. எந்த நிலையத்தில் இறங்குவது, அங்கிருந்து எந்த பஸ் என்பதை முந்தின நாளே விசாரித்து, போன் அணைந்துபோனாலும் பார்க்கும்படி ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

17 வயதுப் பிள்ளையைத் தனியே அனுப்புவதா என்று தாய் தயங்குவது இயல்பு. பெண் பிள்ளை என்றால் தயக்கம் இரட்டிப்பு. அந்தப் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் ஆகஸ்ட்டிலோ செப்டம்பரிலோ அதே பிள்ளையை விடுதியில் விட்டுவிட்டுத் திரும்பத்தானே போகிறோம்? தீபாவளிக்கு முதல் நாள் இரவு, நிரம்பி வழியும் பேருந்து நிலையத்தில் தனியே பஸ் தேடுவதைவிட, ஜூன் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை பகல் எவ்வளவோ பாதுகாப்பானது. பகலில் போய் அன்றே திரும்பும் தூரமாகத் தொடங்கட்டும். இந்த வயதில் தனியாக லாட்ஜில் அறை பெரும்பாலும் தர மாட்டார்கள், அதைத் திட்டத்திலேயே சேர்க்கக் கூடாது. கடைசிப் பேருந்தை நம்பாமல் அதற்கு முந்தையதைக் குறிவைக்க வேண்டும். ஒவ்வொரு இடத்திலும் இறங்கியதும் ஒரு அழைப்பு. பெண்களுக்கான 181 எண் கையில் இருக்கட்டும். தோழியோடு போனால் இன்னும் நல்லது.

அரசு செய்ய வேண்டியதும் இருக்கிறது. பள்ளியில் தந்த இலவச பஸ் பாஸ் பிளஸ் டூவோடு முடிந்துவிடுகிறது. கல்லூரி பாஸ் சேர்ந்த பிறகுதான் வரும். வாழ்க்கையில் அதிகம் அலைய வேண்டிய அந்த இரண்டு மாதங்களில் மாணவர் கையில் எந்தப் பாஸும் இல்லை. மாணவிகளுக்கு 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் இலவச விடியல் பயணம் உண்டு. வெளியூர்ப் பேருந்துக்கு அவர்களும் டிக்கெட் எடுத்தாக வேண்டும். கூலி வேலைக்குப் போகும் வீட்டில் இந்தச் செலவுக்குப் பயந்தே பயணம் நின்றுபோகும். ‘நான் முதல்வன்’ திட்டத்தில் அரசுப் பள்ளி மாணவர்களை அருகிலுள்ள கல்லூரிகளுக்குக் களப் பயணம் அழைத்துப் போவது பாராட்ட வேண்டியது. அடுத்த படியாக, அந்த மாணவர் தான் சேர நினைக்கும் கல்லூரிக்குத் தானே போய்வர வழி செய்ய வேண்டும். கலந்தாய்வுக்குப் பதிவு செய்தவர் அந்த விண்ணப்ப எண்ணைக் காட்டினால், ஜூன் மாதம் முழுவதும் அரசுப் பேருந்தில் பாதிக் கட்டணம் என்று போக்குவரத்துத் துறை ஓர் ஆணை போட்டால் போதும்.

கல்லூரிகளும் கேட்டைத் திறக்க வேண்டும். பெற்றோர் இல்லாமல் தனியாக வந்து நிற்கும் பையனைக் காவலாளி, “யாரைப் பார்க்கணும், யார் அனுப்பினது?” என்று விரட்டும் இடங்கள் நிறைய. ஜூன் மாதத்தில் வாரம் ஒரு வேலைநாளை அறிவித்து, காலை பத்து முதல் நான்கு வரை பிளஸ் டூ மதிப்பெண் சான்றோடு வரும் எவரையும் உள்ளே விட்டு, துறைக்கு ஒரு மாணவரைச் சுற்றிக்காட்ட நிறுத்தலாம். அரசுப் பொறியியல் கல்லூரிகளும் அண்ணா பல்கலைக்கழக வளாகங்களும் இதை முதலில் செய்ய வேண்டும். எந்த ஊரிலிருந்து வந்தால் எந்தப் பேருந்து நிலையம், அங்கிருந்து எந்தத் தடம், கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்ற விவரத்தை அறிவிப்பிலேயே அச்சிட வேண்டும்.