இரு மொழியில் ஒரு துள்ளல்

தமிழ் மாணவர் மன்ற ஆண்டு விழா நெருங்கினால் ஒரு வழக்குத் தவறாமல் எழுகிறது. மேடையில் எந்தப் பாட்டைப் பாடுவது? பழைய மெல்லிசை என்றால் எல்லோரும் தலையசைப்பர். 'டிஸ்கோ' என்ற சொல் காதில் விழுந்ததுமே, "அது நம் இசையா?" என்று ஒரு குரல் கிளம்பும். அக்குரலுக்கு மறுமொழியாக ஓர் இசைத்தட்டை முன்வைக்க விரும்புகிறேன்.

1979-ஆம் ஆண்டில் கே. பாலசந்தர் 'நினைத்தாலே இனிக்கும்' படத்தைத் தமிழில் எடுத்தபோதே, 'அந்தமைன அனுபவம்' என்ற பெயரில் தெலுங்கிலும் எடுத்தார். கதை சுஜாதா, களம் சிங்கப்பூர், இசை எம். எஸ். விசுவநாதன். தமிழ்த் தட்டை நாம் அறிவோம். பழைய தட்டைக் கேளாதவரும், 'எங்கேயும் எப்போதும்' பாட்டுக்கு 2007-இல் 'பொல்லாதவன்' படம் தந்த மறுகலவையை ஆடித் தீர்த்திருப்பர். தெலுங்குத் தட்டு? திருப்பதியில் தங்கிப் படிக்கும் நம்மவருள் எத்தனை பேர் அதைச் செவிமடுத்திருக்கிறோம்?

டிஸ்கோவின் இலக்கணம் எளியது. நான்கு தட்டு, நான்கிலும் பெருமுரசு சமமாய் விழும். நிமிடத்துக்கு ஏறத்தாழ 120 தட்டு. நம் ஆய்வுக்கூடத்தில் 25 சென்டிமீட்டர் நீள ஊசலை ஆடவிட்டால், ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு அது செல்லும் அரை நொடிதான் ஒரு தட்டு. அடி இவ்வளவு எளிதாக இருப்பதால்தான் அதில் அமிழ்ந்துபோன பாட்டுகள் பல. முரசு ஓய்ந்தால் அவற்றில் மிஞ்சுவது ஒன்றுமில்லை. விசுவநாதனின் மெட்டு அப்படியன்று. முரசை நீக்கிவிட்டு விடுதி மொட்டைமாடியில் வெறுங்கைத் தாளத்தோடு பாடிப் பாருங்கள். மெட்டு தன் காலிலேயே நிற்கும்.

அந்நாளில் இந்த அலை உலகெங்கும் வீசியது. பிரேசில் நாட்டில் டிம் மாயா 1978-இல் டிஸ்கோ தட்டு வெளியிட்டார். ஜில்பெர்ட்டோ ஜில் 1979-இல் 'ரியால்சே' என்ற தட்டில் அதே துள்ளலைத் தொட்டார். அந்த ஜில்தான் பின்னாளில், 2003 முதல் 2008 வரை, தம் நாட்டின் பண்பாட்டு அமைச்சராகவும் இருந்தார்! அதே 1979-இல், ஜூலை 12 அன்று, அமெரிக்கச் சிக்காகோ நகரில் ஒரு விளையாட்டுத் திடலில் டிஸ்கோ தட்டுகளைக் குவித்து வெடிவைத்துத் தகர்த்தனர். வெறுப்பு நம் மன்றத்தின் தனிச்சொத்தன்று என்பதற்காகச் சொன்னேன்.

இன்னொன்று. இந்த இளமைப் பாட்டுகளைப் படைத்தவர்கள் இளைஞர்கள் அல்லர். விசுவநாதன் 1928-இல் பிறந்தவர். தமிழ்ப் பாட்டெழுதிய கண்ணதாசன் 1927-இல். தெலுங்குக்கு எழுதிய ஆத்ரேயா 1921-இல். மூவரும் ஐம்பதைத் தொட்டவர்கள் அல்லது கடந்தவர்கள். புதியது வந்ததும் முகஞ்சுளிக்க அவர்களுக்கு உரிமை இருந்தது. அவர்கள் சுளிக்கவில்லை. இருபது வயதில் நாம் சுளிக்கிறோம்!

ஆத்ரேயாவை நாம் கட்டாயம் அறிய வேண்டும். சூளூர்ப்பேட்டைப் பக்கத்து மங்களம்பாட்டில் பிறந்தவர். அன்று நெல்லூர் மாவட்டமாயிருந்த அப்பகுதி 2022 முதல் திருப்பதி மாவட்டம். கண்ணதாசனின் சொற்களை அவர் பெயர்த்து வைக்கவில்லை. தமிழ்ப் பாட்டு 'எங்கேயும் எப்போதும்' என்று இடத்தையும் காலத்தையும் சொல்லித் தொடங்குகிறது. அதே மெட்டில் தெலுங்கு 'குர்ராள்ளோய் குர்ராள்ளு' என்று தொடங்குகிறது, 'பையன்களோய்!' என்று தெருவில் நின்று கூவுவது போல. தமிழில் 'ம்' என்று இதழ் மூடும். தெலுங்கில் ஒலி உயிரில் முடிந்து வாய் திறந்தே நிற்கும். ஒரே அடியின் மேல் ஒன்று ஊன்றி நடக்கிறது, மற்றொன்று உருண்டு ஓடுகிறது. எது சிறந்தது என்றால் நான் தமிழையே சொல்வேன். என் காது அப்படிப் பழகியது. ஆயினும் தெலுங்கைக் கேட்ட பின்னரே தமிழின் அந்த ஊன்றல் எனக்குப் புலப்பட்டது.

இந்த மண்ணில் மொழி என்றதும் எல்லைப் போராட்டமே நம் நினைவுக்கு வருகிறது. ம. பொ. சி. போராடினார், 1960-இல் திருத்தணி சென்னை மாநிலத்தைச் சேர்ந்தது, சித்தூரும் திருப்பதியும் ஆந்திரத்தில் நின்றன. அதை மறக்கச் சொல்லவில்லை. ஆனால் சித்தூரிலிருந்து திருப்பதிக்கு வரும் பேருந்தில் ஏறிப் பாருங்கள். தமிழில் தொடங்கிய பேச்சு தெலுங்கில் முடியும்; யாரும் கணக்கு வைப்பதில்லை. இந்தத் தட்டும் அப்பேருந்தைப் போன்றதே. இசையமைத்தவர் பாலக்காட்டவர், பாடிய எஸ். பி. பாலசுப்பிரமணியத்தின் தாய்மொழி தெலுங்கு, இயக்கியவர் தமிழர். "அது நம் இசையா?" என்று கேட்பவர் எந்த 'நம்'மைச் சொல்கிறார்?

ஆகவே இவ்வாண்டு விழாவில் 'எங்கேயும் எப்போதும்' பாட்டின் முதற்பகுதியைத் தமிழிலும் அடுத்ததைத் தெலுங்கிலும் பாடுவோம். உச்சரிப்பைத் திருத்த அடுத்த அறைக் கதவைத் தட்டினால் போதும். முரசு கிடைக்காவிட்டால் மேசைப்பலகை உண்டு. இடர் ஒன்றுதான்: 'சம்போ சிவ சம்போ'வைத் தமிழில் விசுவநாதனே பாடினார். எதற்கும் அஞ்சாத அந்த முரட்டுக் குரல் நம்மிடையே யாருக்கேனும் இருந்தால், விழாவுக்கு முன்பே மன்றச் செயலாளரிடம் பெயர் கொடுங்கள்.