தடித்த எழுத்தும் தீராத விசாரமும்

காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கொல்லிமலைக்கு ஏறுகிறவர்களில், அறப்பளீசுவரரைத் தரிசிக்க வருவோரும் ஆகாய கங்கையில் நீராட வருவோரும் ஒருபுறமிருக்க, ரத்தப் பரிசோதனைச் சீட்டைச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு, பெயர் தெரியாத தம் நோய்க்குச் சித்தர் பூமியில் மூலிகை தேடி வரும் ஒரு கூட்டத்தாரும் உண்டு. உடம்பில் இவர்களுக்கு யாதொரு உபாதையும் இல்லை. சீட்டில் மட்டும் ஓர் எண் சில வருஷங்களாகத் தடித்த எழுத்தில் அச்சாகி வருகிறது. எண் பிசகியிருப்பதால் நோய் நிச்சயம், வைத்தியருக்கு அதன் பெயர் தெரியாததால் அது பெரிய நோய் என்று ஓடுகிறது இவர்கள் தர்க்கம். படித்தவர்களிடமே இது மிகுந்திருப்பதால் பாமர நம்பிக்கை என்று தள்ளிவிடவும் முடியவில்லை.

சீட்டில் போட்ட எல்லைக்கோடு எங்கிருந்து வந்தது என்று இவர்கள் விசாரித்ததுண்டா? ஆரோக்கியமானவர்கள் பலரின் ரத்தத்தை அளந்து, நடுவில் அமையும் 95 சதவீதத்தினரின் அளவையே இயல்பென்று கொண்டு, ஓரங்களில் மிஞ்சும் 5 சதவீதத்தினரை, அவர்களும் சுகதேகிகளே என்று அறிந்திருந்தும், கோட்டுக்கு வெளியே நிறுத்துவதுதான் பெரும்பாலான சோதனைகளில் கையாளப்படும் முறை. ஆகவே, ஒன்றையொன்று சாராத 20 சோதனைகளைச் செய்துகொள்ளும் சுகதேகிகள் 100 பேரில் ஏறத்தாழ 64 பேருக்கு ஓர் எண்ணாவது கோட்டைத் தாண்டும். ‘முழு உடல் பரிசோதனை’யைத் தள்ளுபடி விலைக்கு விற்கும் வியாபாரிகள் இக்கணக்கை விளம்பரத்தில் சேர்ப்பதில்லை. (சர்க்கரைக்கும் கொழுப்புக்கும் எல்லை வகுத்தது வேறு விதமாக, பின்னால் விளையும் தீங்கைக் கணக்கிட்டு; அவற்றை இந்த வாதத்தில் சேர்த்துக்கொண்டு யாரும் தப்பிக்க வேண்டாம்.)

ஒருமுறை பிசகினால் தற்செயல், வருஷந்தோறும் பிசகினால் என்ன என்பார்கள். பிறவியிலேயே ஓரத்தில் அமைந்தவர் அடுத்த வருஷமும் ஓரத்தில்தான் இருப்பார். 1901-ல் பிரெஞ்சு வைத்தியர் கில்பர்ட் விவரித்த சுபாவம் ஒன்றுண்டு: பட்டினி கிடந்தாலும் ஜுரம் கண்டாலும் ரத்தத்தில் பிலிருபின் என்னும் மஞ்சள் நிறமி சற்றே ஏறும், கண் லேசாக மஞ்சளிக்கும், கல்லீரலுக்கோ ஒரு தீங்குமில்லை. ஜுரம் தணிந்ததும் அது தானே இறங்க, கீர்த்தி முழுவதும் கீழாநெல்லிக்குப் போய்விடுகிறது. எண் வருஷத்துக்கு வருஷம் நகர்ந்துகொண்டே போனாலோ, எடை குறைந்தாலோ, ஜுரம் விடாது தொடர்ந்தாலோ விஷயம் வேறு. அப்பொழுது தேடுவதை நிறுத்தலாகாது.

மூலிகை யாத்திரிகர் முடவாட்டுக்கால் சூப்பைக் குடித்துவிட்டுத் திருப்தியோடு இறங்குகிற இதே மலையில், ஹீமோகுளோபின் குறைந்தால் இரும்புக் குறைவுதான் என்னும் மற்றொரு அவசர முடிவும் செல்வாக்கோடு இருக்கிறது. பெரும்பாலும் அது மெய்யே, எப்போதும் மெய்யன்று. பீட்டா தலசீமியா மைனர் என்னும் மரபுக்கூறு உடையவர்களுக்குச் சிவப்பணுக்கள் பிறவியிலேயே சிறுத்தும், எண்ணிக்கையில் பெரும்பாலும் மிகுந்தும் இருக்க, ஹீமோகுளோபின் சற்றே குறைந்து ஆயுள் முழுவதும் அப்படியே நிற்கும். இந்தியரில் 100-க்கு 3 அல்லது 4 பேர் இத்தகையோர். இரும்புக் குறைவும் கூடவே இருந்தாலன்றி, முருங்கைக்கீரையாலும் மாதுளையாலும் சத்து மாத்திரையாலும் அந்த எண் அசையாது; ஹீமோகுளோபின் ஏ2 என்ற ஒரே அளவு 3.5 சதவீதத்தைத் தாண்டுகிறதா என்று பார்த்தால் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும். 1952-ல் நீலகிரிப் பழங்குடியினரிடம் ஹீமோகுளோபினின் மற்றொரு மரபுக்கூறான அரிவாள் அணு கண்டறியப்பட்ட நாளிலிருந்தே மலைவாழ் மக்களின் ரத்தத்தைத் தனியே ஆராய வேண்டும் என்பது வைத்திய உலகுக்குத் தெரியும். அரிவாள் அணு நோயை ஒழிக்கும் தேசிய இயக்கம் பிறந்ததோ 2023 ஜூலையில்.

தலசீமியா மைனர் நிலை நோயன்று. கணவனும் மனைவியும் இருவருமே அதை உடையவராயின், ஒவ்வொரு கருவுக்கும், அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொண்டே வாழவேண்டிய குழந்தையாகப் பிறக்க நான்கில் ஒரு பங்கு சாத்தியம் உண்டு. கவலைப்பட்டே தீரவேண்டும் என்கிற யாத்திரிகர்கள், கல்யாணத்துக்கு முன்னால் அந்த ஒரு ஏ2 சோதனை இதே மலையிலுள்ள செம்மேட்டில் ஒரு மலையாளிப் பழங்குடிப் பெண்ணுக்குக் கிடைக்கிறதா என்று கவலைப்படட்டும்.